கீறலைவிடக் கை வைத்ததால் கெட்ட கார்கள்: பெயின்ட் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பெயின்ட் வேலை செய்கிற பாஸ்மாரிடம் கொஞ்சம் கதைத்துப் பாருங்கள். கீறலோடு வருகிற கார் அவர்களுக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. அந்தக் கீறலை வீட்டிலேயே போக்கிவிடலாம் என்று தேய்த்துவிட்டு, பிறகு கொண்டுவருகிற கார்தான் தலையிடி. விரல் நீளக் கீறல் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போயிருக்கும்.

முன்பென்றால் காரை மாற்றும்போது பெயின்ட் கவலையும் சேர்ந்து போய்விடும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் விலையைக் கேட்டால், இருக்கிற அல்டோவையும் வெகன்ஆரையும் இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவோம் என்றுதான் தோன்றுகிறது. எஞ்சினுக்குப் பாகம் வாங்கி மாற்றலாம். கம்பனி அடித்துவிட்ட பெயின்ட் தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

கீறல் எந்தப் படையில்?

இதைப் பாராமல் கை வைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் மூலம். தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சும் பிரைமரும், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இவ்வளவும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரோன். போட்டோகொப்பித் தாள் ஒன்றின் தடிப்பே ஏறக்குறைய 100 மைக்ரோன் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு பொதுவாக 35 இலிருந்து 50 வரை. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் அந்த மெல்லிய படையில்தான் இருக்கின்றன.

காரைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் மேல் நகத்தைக் குறுக்காக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடக்காமல் போனால் கீறல் கிளியர் கோட்டில் மட்டும் இருக்கிறது, பொலிஷில் போய்விடும். இலேசாகத் தடக்கினால் குறைக்கலாம், முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நகம் விழுந்து நின்றால் பொலிஷ் போட்டுப் பிரயோசனமில்லை, அதற்கு டச்அப், அதாவது கீறலுக்குள் நிறம் வைத்து நிரப்புவது, வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு: கீறலில் தண்ணீரைத் தடவுங்கள். நனைந்திருக்கும் வரை கீறல் மறைந்தால் அது மேலோட்டமானது. நனைந்த பிறகும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பிரைமர், மினுங்கினால் தகடு.

சில வேளை அது கீறலே இல்லை. கேற்றிலோ மோட்டார் சைக்கிள் ஹாண்டிலிலோ உரசி, அதன் பெயின்ட் உங்கள் காரில் ஒட்டியிருக்கும். டார் ரிமூவர் தொட்ட துணியால் துடைத்தாலே வந்துவிடும். இதற்குப் போய் நேரே பெயின்டையே சீவுகிற கட்டிங் பேஸ்ட்டை எடுப்பவர்கள் உண்டு.

வீட்டு வைத்தியங்கள்

பற்பசையில் தேய்பொருள் இருக்கிறது, உண்மை. அதனால் மிக மெல்லிய கோடு மங்கும். ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. ஒரே இடத்தில் விரலால் அழுத்தித் தேய்த்தால் கோடு போகும், அந்த இடம் மட்டும் மங்கி நிற்கும். தேங்காய் எண்ணெய் கீறலை நிரப்பிக் கறுப்பாக்கி மறைக்கும். அடுத்த முறை கழுவும்போது கீறல் திரும்பி வரும், அதுவரை எண்ணெயில் தூசி ஒட்டும். இவை இரண்டும் பரவாயில்லை, பெரிய கேடு இல்லை.

தின்னர்தான் ஆபத்து. ஏற்கெனவே கராஜில் என்சி (நைட்ரோசெலுலோஸ், தின்னர் ஆவியானாலே காய்கிற வகை) பெயின்ட் அடித்த பகுதியாக இருந்தால் தின்னர் அதை அப்படியே கரைத்து எடுக்கும். ரீகண்டிஷன் காரை வாங்கியவருக்கு எந்தக் கதவு மறுபடி பெயின்ட் அடித்தது என்று பெரும்பாலும் தெரியாது. பிரேக் ஒயில் பட்டாலும் பெயின்ட் பொங்கி உரியும்; பட்டவுடன் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைத்துப் பரப்பக் கூடாது. சட்டி தேய்க்கும் பச்சைப் பஞ்சால் காக்கை எச்சத்தைச் சுரண்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது!

வருஷத்துக்கு வருஷம் கட் அண்ட் பொலிஷ்

என்னைக் கேட்டால் நம் பக்கத்துக் கார்களுக்கு அதிகக் கெடுதல் செய்வது இதுதான். சித்திரை வருஷத்துக்கு முன், பெருநாளுக்கு முன், வீட்டில் கலியாணம் வந்தால் அதற்கு முன் என்று காரைக் கொண்டுபோய்க் கட் அண்ட் பொலிஷ் போட்டுவிடுகிறோம். மாலையில் கார் கண்ணாடி மாதிரி வருகிறது, மனம் குளிர்கிறது. அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. கட்டிங் என்பதே கிளியர் கோட்டின் மேல் பகுதியைச் சீவி எடுப்பதுதான். ஒரு தடவைக்குச் சில மைக்ரோன் போகும். கீறலின் அடிவரை சுற்றியுள்ள மேற்பரப்பை இறக்கினால்தான் கீறல் மறையும்; கீறலை யாரும் நிரப்புவதில்லை. இப்படி நாலைந்து வருஷம் போனால் பொனட்டிலும் கூரையிலும் வெயிலைத் தடுக்க ஒன்றும் மிஞ்சாது. பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் வரும், அப்போது இன்னொரு கட் அண்ட் பொலிஷ் கேட்போம்.

பொனட்டின் நடுவில் உயர்ந்து ஓடும் கோடு, கதவின் விளிம்பு, மட்கார்ட்டின் வளைவு ஆகிய இடங்களைக் கிட்ட இருந்து பாருங்கள். விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லிதாக நிற்கும். பொலிஷ் மெஷினின் அழுத்தம் முழுவதும் அங்கேதான் விழும். கறுப்புக் காரின் விளிம்பில் நூல் அளவு சாம்பல் கோடு தெரிந்தால் மெஷின் பிரைமர் வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் டேப்பைக் கழற்றிக் கையால் ஒரு துடை துடைத்தால் போதும். கொடுக்கும்போதே கேளுங்கள்: "தம்பி, விளிம்புகளுக்கு டேப் ஒட்டித்தானே செய்வீங்க?" "அதெல்லாம் தேவையில்ல அண்ணன், கை பழகிட்டு" என்று பதில் வந்தால் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், சூடாக்கும், பழகாத கையில் எரித்தும் விடும். சுழன்றுகொண்டே ஆடும் டூவல் அக்‌ஷன் மெஷின் மெதுவானது, பெயின்டை எரிப்பது அரிது. வீட்டில் செய்வதென்றால் பின்னதுதான். எதுவானாலும் கடுமையான கொம்பவுண்டில் (வெட்டுகிற பசையில்) தொடங்காதீர்கள். மென்மையான பொலிஷை ஒரு சிறு இடத்தில் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். வெயிலில் நின்று சுடுகிற தகட்டில் போட்டால் பொலிஷ் உடனே காய்ந்து புது வட்டக் கோடுகள் விழும். தகட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும்.

துணியில் காரின் நிறம் ஒட்டுகிறதா? கிளியர் கோட் இல்லாத பழைய சொலிட் பெயின்ட் என்றால் அது இயல்பு, பயப்பட வேண்டாம். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் வந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள்.

மணல், உமி, உப்பு

பெரும்போக வெள்ளாமை வெட்டு நேரம் அம்பாறைப் பக்கம் போய் வந்தால் கார் முழுக்க நெல் தூசி. உமியில் சிலிக்கா அதிகம். கடற்கரை மணலும் பெரும்பாலும் அதே சிலிக்காதான். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கல்லடியில் காரை ஒரு மணித்தியாலம் விட்டாலே விரலால் பெயர் எழுதலாம். அதை உலர்ந்த துணியால், அதுவும் பழைய சாரத்தால் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். வெயிலில் திரும்பும்போது தெரிகிற சிலந்தி வலைக் கோடுகளின் பிறப்பிடம் இதுதான். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்குங்கள், பிறகு ஷாம்பூ, பிறகுதான் துணி. துணி தரையில் விழுந்தால் அதை மறுபடி காரில் வைக்காதீர்கள்.

மங்கல் திட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. குழாய்க்கிணற்றுத் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளை வட்டங்கள் மேலே படிந்த உப்புகள். அவற்றைத் தேய்ப்பதைவிட, தண்ணீர் கலந்த வினாகிரியை நிழலில் தடவி, ஓரிரு நிமிஷத்தில் நன்றாகக் கழுவிவிட்டால் பெரும்பாலும் போகும். தகடு தெரிகிற இடத்தில் மட்டும் வினாகிரி வேண்டாம். பறவை எச்சமும் வௌவால் எச்சமும் வேறு சாதி. வெயிலில் ஒரு நாள் கிடந்தால் கிளியர் கோட்டையே அரித்துக் குழி விடும். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

கடற்கரைக்காரருக்கு இன்னொன்று. தகடு தெரிகிற கீறலை, "மழை முடியட்டும்" என்று தள்ளிப்போடக் கூடாது. உப்புக் காற்றில் சில நாளிலேயே துரு பிடிக்கும். பிறகு அது பெயின்டுக்கு அடியால் ஓடும். பம்பரில் உள்ள கீறலுக்கு அந்த அவசரம் இல்லை, அது பிளாஸ்டிக். ஆனால் பம்பருக்கு அடிக்கும்போது பிளாஸ்டிக்குக்கான பிரைமர் கேளுங்கள், இல்லாவிட்டால் தோலாக உரியும்.

டச்அப்

நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள். கதவுத் தூணிலோ எஞ்சின் அறைத் தகட்டிலோ நிறக் குறியீடு (கலர் கோட்) இருக்கும். டொயோட்டாவில் 040 என்றால் சாதாரண வெள்ளை. 070 என்றால் முத்து வெள்ளை. தூரத்தில் இரண்டும் வெள்ளைதான், ஆனால் முத்து வெள்ளை என்பது வெள்ளை அடிப்படை, முத்துப் படை, கிளியர் என மூன்று. ஒரே போத்தலில் அதைக் கொண்டுவர முடியாது. குறியீடு சரியாக இருந்தாலும் வெயிலில் வெளுத்த காருக்குப் புது நிறம் தனித்துத் தெரியும். கலந்த நிறத்தைக் கடை வெளிச்சத்தில் அல்ல, வெளியே பகலில் வைத்துப் பாருங்கள்.

போத்தலோடு வரும் தூரிகை தடிப்பானது. அதால் பூசினால் கீறல் இருந்த இடத்தில் ஒரு கட்டி நிற்கும். தென்னை ஈர்க்கின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, கீறலுக்குள் மட்டும் ஓடவிடுங்கள். துரு இருந்தால் முதலில் சுரண்டி, தகடு தெரிந்த இடத்துக்குப் பிரைமர் வைத்து, காய்ந்த பிறகு நிறம், மெல்லிதாக இரண்டு மூன்று தடவை, கடைசியில் கிளியர். ஒவ்வொன்றும் காய வேண்டும், இதில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள். ஒரு கிழமை விட்டு, மேடாக நிற்பதை மட்டும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டு மெல்லத் தட்டையாக்கி, பிறகு பொலிஷ்.

கூரையில் கிளியர் கோட் செதில் செதிலாக உரிந்துவிட்டால் இதெல்லாம் வேண்டாம். எந்தப் பொலிஷும் செராமிக் பூச்சும் அதைத் திரும்பக் கொண்டுவராது. உரிந்த வட்டத்துக்கு மட்டும் கிளியர் அடித்தால் அதன் ஓரம் மறுபடி உரியும். அந்தத் தகடு முழுவதையும் டூகேயில் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்டில்) அடிக்க வேண்டும். கொடுப்பதென்றால் ஐப்பசி மழைக்கு முன் கொடுங்கள், ஈரக் காற்றில் பெயின்ட் பால் மாதிரி வெளுக்கும். அடித்து ஒரு மாதம் வரை வெக்ஸ் போடாதீர்கள். உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.