'முடியாது' என்ற சொல்லில் இடறாதீர்கள்

அறிவையும் ஐயத்தையும் பற்றிப் புதிதாக எழுதுபவர்கள் விழுவது பழைய பள்ளங்களில்தான். அகராதிப் பொருளோடு கட்டுரையைத் தொடங்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம்; யாராவது திருத்திவிடுவார்கள்.

'முடியாது' எதன்மேல் நிற்கிறது?

"அறிந்தது பொய்யாக இருக்க முடியாது. நாம் நம்புவது எதுவும் பொய்யாகியிருக்கலாம். ஆகவே நமக்கு எதுவும் தெரியாது."

மூன்றே வரி. இதை நம்பிப் பத்துப் பக்கம் கட்டுகிறார்கள், அத்தனையும் வீண். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வரும்.

முதல் வரிக்கு இரண்டு பொருள் உண்டு. பொய் என்று ஆகிவிட்டால் அதை 'அறிந்தது' என்று சொல்ல மாட்டோம் என்பது ஒன்று. அறிந்த செய்தி எந்தச் சூழலிலும் பொய்யாகியிருக்கவே முடியாது என்பது இன்னொன்று. முதலாவதை மறுப்பவர் அரிது. முடிவுக்கு வேண்டியதோ இரண்டாவது.

பிரம்மச்சாரிக்கு மனைவி இருக்க முடியாது. அதனால், இன்று பிரம்மச்சாரியாக இருப்பவர் போன வருடம் விரும்பியிருந்தாலும் கல்யாணம் செய்திருக்க முடியாது என்றாகுமா?

"நான் சொல்வது வேறு, கையிலுள்ள சான்று பிழைக்கு இடம் விடுகிறது" என்று சிலர் நகர்வார்கள். சரி, ஆனால் பிழைக்கு இடமே விடாத சான்று இருந்தால்தான் அறிவு என்பதைத் தனியே நிறுவ வேண்டும். சிறிது ஐயமிருந்தாலும் ஒதுக்கு என்பது 1641-ல் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் தெரிந்தே கையாண்ட உத்தி; 'அறிவு' என்ற சொல்லுக்குள்ளிருந்து தானாக வந்ததல்ல.

'முடியாது', 'லாம்' வரும் ஒவ்வொரு வரியையும், மேலே முதல் வரியைப் பிரித்தது போல, 'என்றால்' சேர்த்து இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள். ஒரு வரியில் ஒரு பொருளும் அடுத்ததில் வேறொன்றும் தேவைப்பட்டால் வாதம் அங்கேயே அறுந்தது.

ஐயமும் திரிபும்

இரண்டையும் ஒன்றென்றே எழுதுகிறார்கள்; 'ஐயந்திரிபற' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால் வந்த வினை. தொல்காப்பிய உரைகளின் 'குற்றிகொல்லோ மகன்கொல்லோ' ஐயம்: கட்டையா ஆளா என்று மனம் இருபக்கமும் ஆடுகிறது. கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. அங்கே ஆட்டமே இல்லை. உறுதி கூடினால் ஐயம் போகும், திரிபு போகாது.

சதவீதம்

99.9% உறுதி இருந்தால் ஏற்றுவிடலாம் என்று எழுதாதீர்கள். 1,000 சீட்டு, ஒரே பரிசு: ஒவ்வொரு சீட்டுக்கும் 'இதற்கு விழாது' என்று ஏற்கலாம். எல்லாவற்றையும் சேர்த்தால் யாருக்குமே பரிசு இல்லை!

மணல் குவியல்

மணிகளை எண்ணி முடித்த பிறகும் 'இது குவியலா?' என்ற கேள்வி நின்றால், தகவல் குறைவல்ல, சொல்லின் எல்லைதான் மங்கல். (எல்லை உண்டு, நமக்குத்தான் தெரியாது என்கிறார் தத்துவவாதி டிமொத்தி வில்லியம்சன், 1994. அவருக்குப் பதில் சொல்லாமல் முந்தைய வரியை எழுதாதீர்கள்.)

'பொருள் என்பது பயன்பாடே'

ஒரு சொல்லின் பொருள் அதன் பயன்பாடே என்று தத்துவவாதி விட்கன்ஸ்டைனை மேற்கோள் காட்டுவார்கள். எல்லா இடத்துக்கும் அல்ல என்று அவரே, 'தத்துவ ஆய்வுகள்' நூலில் அதைச் சொல்லும் அதே 43-ஆம் பத்தியில் சொல்லியிருக்கிறார்.