கழியையும் ஏரியையும் மீட்க ஊர் ஆட்களைத் தயார்படுத்துவது எப்படி?

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்துக் குப்பங்களிலும் கிராமங்களிலும் சூழல் மீட்பு வேலையை முன்னெடுக்க ஊருக்குள்ளேயே ஆட்களை உருவாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குழு செய்து பார்த்துப் பலன் கண்ட வரிசை இது. கூட்டம் கூட்டுவது, மனு எழுதுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் தொடவில்லை.

1. ஆளைத் தேர்ந்தெடுப்பது

மேடையில் நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். தினமும் தண்ணீரில் இறங்குகிறவரைத் தேடுங்கள். கழியில், அதாவது ஆறும் கடலும் கலக்கும் உப்புநீர்ப் பரப்பில், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சேற்றில் கால் வைத்ததுமே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடம் எது என்று தெரியும். ஏரி உள்ள ஊரென்றால் மடை திறந்து மூடுகிறவர் கட்டாயம் வேண்டும். கூடவே மகளிர் குழுவில் கணக்கு எழுதும் ஒருவர். மொத்தம் ஐந்தாறு பேர் போதும், பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும்.

பயிற்சிக்கு வரும் நாளில் அவர்களுக்கு அன்றைய வருமானம் போகிறது. அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். டீயும் பிஸ்கட்டும் கூலி ஆகாது.

2. முதல் பாடம் கரையில்

மண்டபம் வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக இறங்கும். எந்த நேரத்தில் போகலாம் என்று மீனவர்களே சொல்வார்கள். நடக்கும்போது மூன்று கேள்விகள் போதும்: முன்பு தண்ணீர் எதுவரை வந்தது, இப்போது எது மறிக்கிறது, அடியில் என்ன படிந்திருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயைக் கையால் அடைத்து உருவிப் பாருங்கள். மேலே சாம்பல், கீழே கறுப்புச் சேறு என்று அடுக்கு பிரிந்து தெரியும்.

அலையாத்தி மரங்களைப் பற்றிப் பேச இதுதான் சரியான இடம். வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஓதநீர் (கடலின் ஏற்ற இறக்கத்தோடு வந்துபோகும் நீர்) ஏறி இறங்கினால்தான் அந்த மரம் பிழைக்கும், நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் மக்களோடு சேர்ந்து காட்டை மீட்டபோது, ஓதநீர் உள்ளே வந்துபோக வாய்க்கால் வெட்டித்தான் கன்று நட்டார்கள். சாம்பல் மூடிய இடத்தில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களுக்கு உங்கள் ஆட்களை அனுப்பாதீர்கள். நீரோட்டம் திரும்பினால் பல இடங்களில் விதை தானாகவே வந்து ஊன்றிக்கொள்ளும்.

3. சர்வே எண்

பெரும்பாலான குழுக்கள் நின்றுபோவது இங்கேதான். ஊர்க்காரருக்கு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர் தெரியும். அந்தப் பெயரில் மனு கொடுத்தால் "இடம் குறிப்பிடப்படவில்லை" என்று பதில் வரும். அரசுப் பதிவேட்டில் அந்த இடத்துக்கு ஒரு சர்வே எண்ணும் ஒரு வகைப்பாடும் மட்டுமே இருக்கும்.

முதலில் பெரிய சார்ட் தாளில் கழியை அவர்களையே வரையச் சொல்லுங்கள், எல்லாப் பெயர்களோடும். அப்புறம் ஒவ்வொரு இடத்துக்கும் போய், தமிழ்நாடு அரசின் நில வரைபடத் தளத்தைக் கைபேசியில் திறந்து எண்ணைப் பாருங்கள். கைபேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும், கரையோரத்தில் அது பக்கத்து எண்ணாகிவிடும். அதனால் மூன்று இடங்களில் நின்று பாருங்கள். பிறகு அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் அரசுப் பட்டியல்) வகைப்பாட்டையும் புலப்படத்தில் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எல்லையையும் சரிபார்த்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆற்றுப் பரப்பு முழுவதும் ஒரே எண்ணில் இருந்தால், பக்கத்துப் பட்டா எண்ணைச் சொல்லி "அதற்குக் கிழக்கே" என்று எழுதலாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தை வைத்துத்தான் எண்ணூர்க் கழிக்காக மீனவர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். ஊர் ஆளே வரைபடத்தை விரித்து எண்ணைச் சொன்னால் அதிகாரி பேசும் விதமே மாறுகிறது. இந்த ஒரு படிக்கு எத்தனை வாரம் ஆனாலும் பரவாயில்லை.

4. அளப்பது

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததால் 1960களிலிருந்தே கடல்நீர் உள்ளே ஏறிவருகிறது. கிணற்று நீருக்கு, அதில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும், சட்டைப்பையில் அடங்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 வரை அனுமதி. கழி நீருக்கு இந்த மீட்டர் உதவாது, கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 35,000 என்பதால் அளவு எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு இறால் பண்ணைகளில் உப்பளவு பார்க்க வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்தான் என் தேர்வு: ஒரு சொட்டு நீர் போதும், பேட்டரி வேண்டாம்.

பதிவை செயலியில் ஏற்றச் சொல்லாதீர்கள். அட்டை போட்ட நோட்டுதான் நல்லது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். நோட்டை முறை வைத்து மாற்றுங்கள். பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களைப் பாடு முறையில், அதாவது ஆளுக்கொரு முறை வைத்து, பகிர்ந்துகொள்கிற வழக்கம் ஏற்கெனவே இருப்பதால், முறை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

5. கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. தண்ணீர் விஷயத்துக்கு உலக நீர் நாளான மார்ச் 22 பொருத்தம். தீர்மான வாசகத்தை சர்வே எண்ணோடு முன்பே எழுதிக்கொண்டு போங்கள். பேசுகிறவர் மூன்று நிமிடத்தில் முடிக்க வீட்டிலேயே ஒத்திகை பார்க்கட்டும். தீர்மானம் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பின்சேர்க்கை: கத்திவாக்கத்திலிருந்து ஒருவர் "எங்கள் ஊர் மாநகராட்சிக்குள் இருக்கிறதே, கிராம சபை ஏது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டு ஊராட்சி, இந்தப் பக்கம் சென்னை மாநகராட்சி. உங்கள் பக்கம் வார்டு அளவில் நடக்கும் பகுதி சபையில் கொடுங்கள். ஒரே கழி என்பதால் இரண்டு கரை ஆட்களையும் ஒரே நாளில் நடக்க வைத்து, ஒரே வாசகத்தை இரண்டு சபையிலும் வையுங்கள்.