பழைய இரிடியத்தைத் திருப்பி அனுப்புவது எப்படி: கடிதம் முன்னே, பெட்டி பின்னே

திருகோணமலை, சீனக்குடாப் பக்கம் எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங் ஒட்டுகளைக் காமாக் கதிரால் படம் எடுத்துப் பார்க்கும் வேலையில் கதிர்ப் பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. கமராவுக்குள் கதிரை வீசும் பொருள், நாங்கள் 'மூலம்' என்பது, இரிடியம்-192. அரைவாழ்வு, அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம், 74 நாள்தான். ஆகவே சில மாதத்துக்கு ஒரு தடவை பழையதை வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் லொறியைப் பற்றித்தான் கேட்பார்கள். அது கடைசி வேலை.

முதலில் பெற்றுக்கொள்பவரின் லைசென்ஸ் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பெயர், முகவரி, காலாவதித் தேதி, எவ்வளவு இரிடியம் வைத்திருக்கலாம் என்ற எல்லை, எல்லாவற்றையும் உங்கள் விண்ணப்பத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு மார்கழியில் பழைய முகவரியையே நான் எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் இடம் மாறியிருந்தார்கள். அந்த மூலம் ஆறு கிழமை எங்கள் களஞ்சிய அறையிலேயே கிடந்தது. தினமும் காலையில் மழையோடு மழையாகப் போய்ப் பூட்டைப் பார்த்து, மீட்டர் வைத்து அளந்து பதிந்தேன். பயமாகத்தான் இருந்தது. தாய்லாந்தின் சமுத் பிரகானில் 2000ஆம் ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த கோபால்ட்-60 கருவி பழைய இரும்புக் கடைக்குப் போய், மூன்று பேர் இறந்தார்கள். 'கொஞ்ச நாள் கிடக்கட்டும்' என்பதற்கு இதில் இடமே இல்லை.

அடுத்தது கணக்கு. சர்வதேச அணுசக்தி முகமை மூலங்களை ஆபத்தின் அளவுப்படி ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அதன் ஏற்றுமதி இறக்குமதி வழிகாட்டி முதல் இரண்டு வகைகளுக்கு உரியது. இரிடியத்தில் இரண்டாம் வகை 0.8 டெராபெக்கரலில் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தொடங்கும். நாங்கள் வாங்கும்போது 3.7, அதாவது 100 கியூரி. 74 நாளில் 1.85, 148 நாளில் 0.925. இன்னும் இரண்டாம் வகைதான்! ஏறத்தாழ 163ஆம் நாளில்தான் கோட்டுக்குக் கீழே இறங்கும். வாங்கிய நாளின் அளவை அப்படியே எழுதாதீர்கள். புறப்படும் நாளுக்குக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாம் வகை என்றால் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் ஏற்றுமதி அனுமதி கைக்கு வர வேண்டும். பெற்றுக்கொள்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பதும், முடிந்தவரை புறப்பட ஏழு நாளுக்கு முன்பே பெற்றுக்கொள்ளும் நாட்டுக்கு அறிவிப்புப் போவதும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் கடமை. முதலாம் வகைக்குப் பெற்றுக்கொள்ளும் நாட்டின் சம்மதமும் வேண்டும். ஆகவே விமானத்தில் இடம் பிடித்துவிட்டு அனுமதிக்கு ஓடாதீர்கள்.

அறிவிப்பில் மூலத்தின் தொடர் இலக்கமும் போகும். மூலத்தோடு வரும் சின்னத் தகட்டைத் துணியால் துடைத்து, டோர்ச் அடித்து, இரண்டு பேராக வாசியுங்கள். போன தடவை என்னோடு இருந்த தம்பி "அக்கா, இது 3 இல்லை, 8" என்றான். பெயின்ட் ஒரு வளைவை மூடியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

அப்புறம்தான் பெட்டி. 1 டெராபெக்கரலுக்கு மேல் என்றால் விபத்தையும் தாங்கும் டைப் பி பெட்டி; ஆபத்தான சரக்குக்கான ஐ.நா. இலக்கம் யு.என். 2916. பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் கிடைக்கும் மிகக் கூடிய கதிர் அளவை மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்று எடுத்து 100ஆல் பெருக்குங்கள். வருவதுதான் போக்குவரத்துச் சுட்டெண். 0.012 என்றால் 1.2. ஒன்றைத் தாண்டியதால் மஞ்சள்-மூன்று லேபிள். 3ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

மூலம் இல்லாத பெட்டியை அனுப்பும்போதும் 'வெறும் பெட்டி' என்று எழுதாதீர்கள். பல பெட்டிகளின் கவசமே செறிவு குறைந்த யுரேனியம். அதற்குத் தனி இலக்கம், யு.என். 2909. சுங்கத்திலும் அப்படியே சொல்லுங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எந்த நாள், எந்த வழி என்பதை வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள். சாரதிக்கும் கூடப் போகிறவருக்கும் தெரிந்தால் போதும்.

விமானம் ஏறிவிட்டது என்று பதிவேட்டில் கோடு போட்டுவிடாதீர்கள். பெற்றுக்கொண்டவர் அதே தொடர் இலக்கத்தை எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் வரும்வரை அந்த இரிடியம் உங்கள் பொறுப்புத்தான். நான் அந்தக் கடிதத்தைப் பதிவேட்டின் அதே பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் சிவப்புப் பேனாவை எடுப்பேன்.