திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள்: பழம்பதிப்புகளை வன்னியிலிருந்து தேடிச் சேர்க்கும் முறை

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவரும், 1921ஆம் ஆண்டுப் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைப் போராட்டத்தின்போது நாடுகடத்தப்படுவீர் என்று ஆளுநர் வில்லிங்டனால் எச்சரிக்கப்பட்டவருமாகிய திரு.வி.க., தமது வாழ்க்கைக் குறிப்புகளை 1944இல் நூலாக வெளியிட்டார். தமிழில் ஒரு தொழிற்சங்கவாதி தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல்களுள் இதனையே முதலில் சேர்க்கவேண்டியது என்று கருதுகிறேன். அவருக்கு இராயப்பேட்டை வெஸ்லி பாடசாலையில் தமிழூட்டிய ஆசான் யாழ்ப்பாணத்துப் புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை என்பதால், இந்நூல் வன்னி உள்ளிட்ட நம் இலங்கை வடபகுதி வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் ஒருகாலத்தில் மதிப்போடு வைக்கப்பட்டிருந்தது.

தேடலின் முதற்படி பெயரைப் பலவாறு எழுதிப் பார்ப்பதாகும். நூற்பட்டியல்களில் இது ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ என்றும் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ என்றும் பதிவாகியிருக்கிறது; ஆசிரியர் பெயரோ திரு.வி.க., திரு. வி. கலியாணசுந்தரனார், கல்யாணசுந்தர முதலியார் என்று மூன்று நான்கு வடிவங்களில் வரும். ஒரு வடிவத்தை மட்டும் தேடிவிட்டு இல்லையென்று திரும்புபவர் பாதிப் பிரதிகளைத் தவறவிடுவார். இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. திரு.வி.க. சென்னையில் 1917இல் தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். இலங்கையில் தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய கோ. நடேசய்யரும் 1924இல் தேசபக்தன் என்ற பெயரிலேயே ஓர் இதழ் நடத்தினார். பழைய கட்டுகளில் அப்பெயரைக் கண்டதும் எவருடையது என்று பாராமல் விலை பேசுதல் கூடாது.

எங்கே தேடுவது என்பதில் வன்னியில் இருப்பவர் மூன்று வழிகளையும் ஒருசேரப் பயன்படுத்தவேண்டும். முதலாவது வழி ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் அலுமாரிகள், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் றங்குப்பெட்டிகள், சனசமூக நிலையங்களின் பயன்படாத மூலைகள் ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கவேண்டும். பழைய தாள் வாங்கி விற்பவர்களிடமும் சொல்லிவைக்கவேண்டும். தடித்த பழைய நூலொன்று கச்சான் கடலை சுற்றும் தாள் சரையாக மாறுவதற்கு ஒரு நாள் போதும். இரண்டாவது வழி கொழும்பு மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள். அங்கே சிங்கள, ஆங்கில நூல்களே மிகுதியாதலால் தமிழ் நூல்கள் அடுக்கின் அடியில் கிடக்கும். நின்று ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். மூன்றாவது வழி சென்னை. மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானபின் பழைய புத்தக வணிகம் சிதறிவிட்டது. ஆயினும் திருவல்லிக்கேணி நடைபாதைகளில் இன்னும் தேடலாம். மருத்துவத்துக்கோ யாத்திரைக்கோ செல்லும் உறவினரிடம் வெறும் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்காமல், தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதல் பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கங்களின் தொகுதி), கடைசிப் பக்கம், கட்டின் முதுகு ஆகிய ஐந்தையும் படமெடுத்து அனுப்பும்படி கேட்டு, அவற்றைப் பார்த்தபின்னரே பணம் கொடுக்கச் சொல்லவேண்டும்.

எந்தப் பதிப்பு என்று அறிவதே இத்தேடலின் உயிர்ப்பகுதி. திரு.வி.க. தம் நூல்களைப் பெரும்பாலும் இராயப்பேட்டையில் தாமே நடத்திய சாது அச்சுக்கூடத்தில் அச்சிட்டார். ஆகவே தலைப்புப் பக்கத்திலும் கடைசிப் பக்கத்தின் அடியிலும் அப்பெயரை முதலில் தேடவேண்டும். தலைப்புப் பக்கம் கிழிந்து போயிருந்தால், மனந்தளராமல் விலையைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் 1957 ஏப்ரல் முதலாம் நாள் தசம நாணயம் வந்தது. அதற்கு முன்னர் விலை ரூபாய், அணா, பை என்று மூன்று எண்களாய் அச்சாகும். ‘நயா பைசா’ என்றிருந்தால் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அடுத்து எழுத்தைப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபின் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் மேல்வளைந்த துதிக்கை வடிவமும் ணா, றா, னா ஆகியவற்றின் சுருண்ட வடிவமும் படிப்படியாய் மறைந்தன. இந்த அளவுகோலை இலங்கை அச்சகங்களின் நூல்களுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. நம்மவர் பழைய வடிவங்களை அதன் பின்னரும் நெடுநாள் கைவிடவில்லை. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் தரப்பட்டிருப்பின் அதிலிருந்து 31ஐக் கழிக்க, ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

உள்ளடக்கமும் சான்று சொல்லும். 1944இல் வெளிவந்த நூல், 1947 ஆலைப் போராட்டத்தின்போது அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டதையோ 1953 செப்டெம்பர் 17இல் அவர் மறைந்ததையோ அறிந்திருக்க முடியாது. முன்னுரையோ பிற்சேர்க்கையோ அவற்றைச் சொன்னால் அது பின்னைய பதிப்பே. தாளும் அவ்வாறே. முதற்பதிப்பு உலகப்போர்க் காலத் தாள் தட்டுப்பாட்டுக்கு நடுவே வந்தது என்பதை நினைவிற்கொண்டு, பழுப்பேறிய தாளைக் குறையென்று தள்ளாமல், விரலால் பக்கத்தின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். கோத்த ஈய எழுத்தின் அழுத்தம் கையில் தட்டுப்படும். ஓப்செற் முறையில் வந்த மறுஅச்சில் அது இராது.

அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஆதலால் பிற்காலப் பதிப்புகள் பல வந்துள்ளன. வாசிப்பதற்கு அவையே போதும், மலிவானவையும்கூட. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரிதும் உதவும். குறைந்துபோன பக்கங்களை அவ்வாறான மின்பிரதியிலிருந்து அச்செடுத்துத் தனி உறையில் வைக்கலாமேயன்றி, பழம்பிரதியோடு ஒட்டிவிடக்கூடாது. நூல் பிரித்துக் கட்டப்பட்டும் கிடைப்பதால், ஒரு பகுதி மட்டும் கையில் வந்தாலும் மறுக்காமல் வாங்கிவைக்கவேண்டும்; மற்றது எப்போதாவது வரும்.

வன்னியில் சேகரிப்பவர் வேறெங்கும் எழாத ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்கவேண்டும். இங்கே கிடைக்கும் பழைய நூல்களுள் பல, இடப்பெயர்வுகளில் சிதறிய வாசிகசாலைகளின் முத்திரையைத் தாங்கியவை. வவுனியாவில் தாள் குவியலொன்றிலிருந்து நான் எடுத்த பிரதியில் ஒரு சனசமூக நிலையத்தின் நீலமுத்திரை இருந்தது. விசாரித்தபோது அவ்வூரார் மீளக்குடியேறி நிலையத்தை மறுபடி திறந்திருந்தார்கள். நூலை அவர்களிடமே கொடுத்தேன். அவர்கள் அதனைப் படமெடுக்க விட்டதோடு, 2009க்கு முன்னர் அங்கிருந்த நூல்களுள் அவர்களிடம் மீண்டது அதுவொன்றே என்றும் சொன்னார்கள். ஆகவே முத்திரை கண்டால் முதலில் அந்த நிலையத்தையோ பிரதேச சபையையோ கேளுங்கள். உரிமையாளர் எவரும் இல்லையென்று தெளிந்தபின் வைத்துக்கொள்வதாயினும், முத்திரையைச் சுரண்டாதீர்கள். கையொப்பம், பரிசளிப்பு வாசகம், ஓரக்குறிப்பு எதனையும் அழிக்காதீர்கள். நூல் எவரிடமிருந்து, எந்த ஊரில், எந்த நாளில் வந்தது, எந்தெந்த இடங்களுக்குச் சுமந்து செல்லப்பட்டது என்பதைக் கேட்டறிந்து தனிக் கொப்பியில் எழுதி, அதன் இலக்கத்தை மட்டும் நூலின் கடைசி உள்ளட்டையில் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த நூலை உடனே மற்றவற்றோடு சேர்க்கக்கூடாது. இராமபாணம் போன்ற புத்தகப்பூச்சிகள் ஒரு நூலிலிருந்து அலுமாரி முழுவதும் பரவிவிடும். நூலைக் காற்றுப்புகாத பொலித்தீன் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்தால், உள்ளிருக்கும் பூச்சியும் முட்டையும் மடிந்துவிடும். கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டுவதை அறவே தவிர்க்கவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் அவ்வாறு ஒட்டிய ஒரு பக்கத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிட்டது, அதனை மீட்க இன்றுவரை முடியவில்லை. பெட்டியைச் சுவரோடு சேர்க்காமல், தரையில் படாமல் கற்களின்மேல் வைத்து, மாரி முடிந்து தை பிறந்ததும் திறந்து, நூல்களை நேர்வெயிலில் அன்றி விறாந்தை நிழலில் ஒருநாள் காற்றாட விரித்து, ஒவ்வொரு பாரமாய்ப் புரட்டிப் பாருங்கள்.