ஊட்டில இருந்து கனடால ஆல்பர்ட்டா போறவங்க கேம்பிங் டிரெய்லர் வாங்கினா, தண்ணி திறக்கறதுக்கு முன்னாடி இத படிச்சுருங்க

லீவுக்கு தலைக்குந்தா வந்திருக்கேன். எங்க லைன்லயே மூணு வீட்டு பசங்க கனடா கிளம்பறாங்க, எல்லாரும் ஜாக்கெட் எத்தன வேணும்னு மட்டும் கேக்கறாங்க. ஜாக்கெட் அங்கயே வாங்கிக்கலாம். ரெண்டு வருஷம் போனதும் கேம்பிங் ஆச வந்து பழைய டிராவல் டிரெய்லர் (வண்டி பின்னாடி கட்டி இழுத்துட்டு போற சின்ன வீடு) ஒண்ணு பாப்பீங்க, அப்பத்தான் இது வேணும். ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் ஈஸி, அத விடுங்க.

நம்ம ஊர்ல ஜனவரி உறைபனில காலைல குழாய்ல தண்ணி வராது, வெயில் ஏறினா தானா வந்துரும். ஆல்பர்ட்டா தலைநகர் எட்மன்டன்ல மைனஸ் 30 டிகிரி வரைக்கும் போகும், வாரக்கணக்கா இளகாது. தண்ணி ஐஸானா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். டிரெய்லர்ல ஓடற பெக்ஸ்ங்கற வளையற பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் விரிஞ்சு குடுத்து பெரும்பாலும் தப்பிச்சுக்கும், வெடிக்கறது பைப் திரும்பற எடத்துல மாட்டற பிளாஸ்டிக் எல்போ, தண்ணி டேப்போட உள்பக்கம், பம்ப் ஃபில்டர் கிண்ணம், டாய்லெட் வால்வு இதெல்லாம்தான்.

நான் வாங்கினப்ப வித்தவர் தண்ணிய எல்லாம் வடிச்சாச்சுன்னு சொன்னாரு, நம்பி அப்படியே குளிர் முழுக்க நிறுத்திட்டேன். மே மாசம் ஹோஸ் மாட்டினா சிங்க் அடில பீச்சி அடிக்குது. நானே சரி பண்ணேன். வெடிச்ச எடத்த நேரா வெட்டி, அரை இஞ்ச் எல்போ புதுசு வச்சு, காப்பர் ரிங்க கிரிம்ப் டூலால அழுத்தி இறுக்கினா முடிஞ்சுது, டூல் இல்லாதவங்களுக்கு அப்படியே அழுத்தி சொருகற புஷ் ஃபிட்டும் கிடைக்குது. அப்பா வீட்டு பிளம்பிங் எல்லாம் தானே பாப்பாரு, அவர்கிட்ட போன்ல பெருமையா சொன்னேன்.

ஆனா ஐஸ் ஒரே ஒரு எடத்த ஒடைச்சதோட நிக்காதுங்க! ஜாஸ்பர்ங்கற மலைப்பக்கம் கேம்பிங் போன முதல் ராத்திரி எந்த டேப்பும் திறக்காமலே பம்ப் அப்பப்ப டக்டக்குன்னு ஓடுச்சு, பழைய பம்ப்தானேன்னு தூங்கிட்டேன். வெளிப்பக்கம் சின்ன கதவுக்குள்ள ஒரு ஷவர் இருக்கும், அதோட வால்வு விரிசல் விட்டு சுவத்துக்குள்ளயே கசிஞ்சிருக்கு, அதனாலதான் பம்ப் ஓடிருக்கு. நம்ம வீட்ல கசிஞ்சா சிமெண்ட் தரைல தெரிஞ்சிரும், அங்க தரையே மரப்பலகை. கட்டிலுக்கு அடில மொத்தமும் ஊறி இத்துப் போச்சு, மாத்த ரெண்டாயிரம் டாலருக்கு மேல ஆச்சு, ஊருக்கு வர எடுத்து வச்ச டிக்கெட் காசு அது, அந்த வருஷம் அம்மாவ பாக்க வர முடியல.

அதனால முதல்ல தண்ணி வேண்டாம், காத்து. ஹோஸ் மாட்டற வாய்ல காத்து அடிக்க அடாப்டர் விக்குது, எல்லா டேப்பையும் மூடிட்டு 30 பிஎஸ்ஐ (டயர் காத்து அளக்கற அதே அளவு) அடிச்சு நிறுத்தி பிரஷர் கேஜ் முள்ள பாருங்க. எறங்குதுன்னா எங்கயோ ஓட்ட இருக்கு, வீட்ல சிலிண்டர் மாத்தினா சோப்பு நுரை வச்சு பாப்போமே, அதே மாதிரி ஒவ்வொரு ஜாயிண்டா பாருங்க, ஒண்ணு கிடைச்சதும் நிறுத்தாதீங்க. முள்ளு அசையாம நின்னதுக்கு அப்புறம் தண்ணி. வாட்டர் ஹீட்டர் டேங்க் நிரம்பாம சுவிட்ச் போட்டா காயில் போயிரும்.

அக்டோபர்ல, குளிர் வர்றதுக்கு முன்னாடி, ஹீட்டர் தண்ணிய வடிச்சு, ஹீட்டருக்குள்ள எதுவும் போகாத மாதிரி பைபாஸ்ல போட்டுட்டு, டிரெய்லருக்குன்னு விக்கற, பைப்ப உறைஞ்சு வெடிக்காம காக்கற பிங்க் ஆன்டிஃப்ரீஸ பம்ப் வழியா ஏத்துங்க. கார் கூலன்ட் விஷம், அத ஊத்தவே ஊத்தாதீங்க. ஒவ்வொரு டேப்லயும் பிங்க் வர்ற வரைக்கும் விடணும், வெளி ஷவர்லயும் சுடுதண்ணி பக்கம் தனியா, பச்சத்தண்ணி பக்கம் தனியா.