குற்றக்கதை எழுதிக் கதை பழகலாம்: வண்ணாரப்பேட்டையில் ஒரு சீட்டுப் பணத் திருட்டு

கதை எழுதிப் பழக நினைப்பவர்களுக்குக் குற்றக்கதைதான் நல்ல தொடக்கம் என்பேன். வாசகருக்கு எதை எப்போது சொல்வது என்ற கணக்கு எல்லாக் கதைக்கும் வேண்டும். குற்றக்கதையில் அது பிசகினால் உடனே பல்லிளித்துவிடும்.

1. கொலை வேண்டாம். கொலை என்றால் எஃப்.ஐ.ஆர்., ஸ்டான்லியில் போஸ்ட்மார்ட்டம் என்று ஒரு படையே பின்னால் வரும். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த கொலைக்கு உங்கள் இன்ஸ்பெக்டர் பழைய சட்டப் பிரிவான '302' என்றால் தப்பு, புதிய சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) அது 103. வடசென்னை என்றதும் பட்டாக்கத்தியோடு ஓடும் ஆளையும் விட்டுவிடுங்கள், பார்த்துச் சலித்தாயிற்று. சின்னத் திருட்டு போதும். சேலத்திலிருந்து புதிதாகக் குடிவந்து, ஜாக்கெட் தைத்துக்கொண்டே சீட்டும் பிடிக்கும் ஓர் அக்கா. மே மாதத்தில் ஓர் இரவு பீரோவிலிருந்த சீட்டுப் பணம் காணோம். எடுத்தவன் மாடியில் குடியிருக்கும் படகுத் தொழிலாளி.

2. நடந்ததை முதலில் உங்களுக்காக எழுதுங்கள். சாவி எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு எடுத்தான், பணம் இப்போது யாரிடம். ஒரு பக்கம் போதும். இல்லாவிட்டால் பாதிக் கதையில் நீங்களே திருடனைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

3. துப்பை அந்த ஊரிலிருந்தே எடுங்கள். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. “அன்னிக்கு நைட்டு லாஞ்சுல (அதாவது விசைப்படகில்) தொழிலுக்குப் போயிட்டேன்கா” என்று அவன் சொன்னால் சேலத்து அக்கா நம்பிவிடுவாள். மீன் கூடையோடு வரும் காசிமேட்டு ஆயா நம்புவாளா? (தடையில் வராத ஃபைபர் படகு என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அந்த ஒரு சொல்லில்தான் மாட்டுகிறான்.)

தடை பற்றித் தெரியாத வாசகருக்கும் நியாயம் செய்ய வேண்டும் இல்லையா? அதனால் திருட்டுக்கு முன்பே இப்படி:

“என்ன ஆயா, வஞ்சிரம் இல்லையா?”

“லாஞ்சு எல்லாம் கட்டிக் கெடக்குது, வஞ்சிரத்துக்கு எங்க போவேன்? ஃபைபர்ல வந்த நெத்திலிதான் கீது. வேணுமா, வேணாமா?”

உடனே பேரத்துக்குப் போய்விடுங்கள். வாசகர் மீன் விலையைக் கவனிப்பார், துப்பு கண்ணெதிரே கிடக்கும்.

4. குற்றமற்றவர்களும் எதையாவது மறைக்கட்டும். கீழ்வீட்டுப் பையன் டியூஷன் என்று சொல்லிவிட்டு கேரம் கிளப்பில் இருந்தான். விசாரித்தால் திணறுவான், சந்தேகம் அவன்மேல் திரும்பும்.

5. எழுதி முடித்ததும் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை நண்பரிடம் கொடுத்து யார் திருடன் என்று கேளுங்கள். சட்டென்று மாடிக்காரன் என்றால், ஆயாவின் பேச்சு திருட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, முன்னால் தள்ளுங்கள். முடிவைப் படித்துவிட்டு “இதை எங்கே சொன்னே?” என்று சண்டைக்கு வந்தால், மாடிக்காரன் பட்டப்பகலில் லுங்கியோடு படிக்கட்டில் உட்கார்ந்து வலை பின்னும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, அப்புறம் வேறொருவரிடம் கொடுங்கள்.