கழிவு எஞ்சின் எண்ணெயைப் பழைய டீசல் எஞ்சினுக்காக வடிகட்டும் முறை

இம்முறை, முன்னறை எரிப்பு கொண்ட (எரிபொருள் முதலில் ஒரு சிறு அறையில் எரியத் தொடங்கும்) பழைய, மெதுவாகச் சுழலும் எஞ்சின்களுக்கே பொருந்தும். எரிபொருளை மிக உயர் அழுத்தத்தில் தெளிக்கும் புதுவகைக் காமன் ரெயில் எஞ்சினில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் கலக்காத எண்ணெயை மட்டும் சேகரித்து, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குழாய் பொருத்திய பீப்பாயில், வெயில் படும் இடத்தில் இரண்டு வாரம் அசையாமல் வைக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் பாதி வேலையைச் செய்கிறது. நீரும் கனமான கசடும் அடியில் தங்கிவிடும். மேலெண்ணெயில் ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தட்டில் விட்டால், நீர் இருக்கும்வரை படபடவென வெடிக்கும். வெடித்தால், மீண்டும் படியவிட வேண்டும்.

பின்னர் 100, 25, 10, 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வடிகட்டிகளில் வரிசையாகச் செலுத்தி, இறுதியில் 1 மைக்ரானில் வடிக்க வேண்டும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் விரைவாக இறங்கும். ஆனால் திறந்த தீயில் ஒருபோதும் சூடாக்கக் கூடாது.

முதலில் பத்துப் பங்கில் ஒரு பங்கு மட்டும் டீசலில் கலந்து ஓட்டிப் பாருங்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் துத்தநாக, கால்சியச் சேர்மங்களை எந்த வடிகட்டியும் பிரிக்காது. அவை சாம்பலாகி, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையில் படிவதோடு புகையிலும் கலப்பதால், குடியிருப்புகளுக்கு அருகில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கையுறை கட்டாயம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இவ்வெண்ணெய் அபாயகரமான கழிவு. மிஞ்சும் கசடை மண்ணில் கொட்டாமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.